வரி போடுங்கள், பஸ் விடுங்கள்!

வரி என்றால் யாருக்கும் பிடிக்காது. "வரியைக் குறை" என்று ஊர்வலம் போவார்கள். "வரியை எடு" என்று கோஷம் போடுவார்கள்.

"எங்களுக்கு வரி போடுங்கள்" என்று ஜனங்களே கேட்டது உண்டா?

உண்டு! அமெரிக்காவில் ஒரு ஜில்லா அப்படிக் கேட்டது. அதன் பெயர் கிளேட்டன். கேட்ட நாள் 2014-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி.

அன்று ஓட்டுப் பெட்டியில் ஒரு கேள்வி இருந்தது. "பஸ் விடுவதற்காக, கடையில் வாங்கும் சாமான் மீது இன்னும் 100-க்கு 1 வீதம் வரி போடலாமா?" என்பதுதான் அதன் சாரம்.

ஓட்டுப் போட்டவர்களில் 100-க்கு 73 பேருக்கு மேல் "போடலாம்" என்றார்கள்.

அவர்கள் பணக்காரர்களா? இல்லை. பெரும்பாலும் கூலி வேலையும் சிறு சம்பள வேலையும் பார்க்கிறவர்கள். பிறகு ஏன் வரி கேட்டார்கள்?

நாலரை ஆண்டுகளாக அந்த ஜில்லாவில் உள்ளூர் பஸ் ஓடவில்லை. அதுதான் காரணம்.

பஸ் நின்றது

ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரம் அட்லாண்டா. அதற்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருப்பது கிளேட்டன் ஜில்லா. 2010-ம் ஆண்டு கணக்குப்படி அங்கே 2 லட்சத்து 59 ஆயிரம் பேர் வசித்தார்கள்.

அட்லாண்டா விமான நிலையத்தின் பெரும் பகுதி இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. 1998 முதல், 2020-ம் ஆண்டு நீங்கலாக, உலகத்திலேயே அதிகப் பயணிகள் வந்து போகும் விமான நிலையம் அதுதான்.

அங்கிருந்து உலகத்தின் எந்த மூலைக்கும் பறந்து போகலாம். ஆனால், அந்த நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிறவர், மூட்டை தூக்குகிறவர், பலகாரக் கடையில் வேலை செய்கிறவர் ஆகியோர் வீட்டில் இருந்து அங்கே போய்ச் சேருவது எப்படி?

2001-ல் ஜில்லா நிர்வாகம் "சி-டிரான்" என்ற பெயரில் பஸ் விட்டது. நாள்தோறும் ஏறத்தாழ 8,000 பேர் அதில் போய் வந்தார்கள். விமான நிலைய ஊழியர்கள் போனார்கள். மாரோ என்ற ஊரில் உள்ள கல்லூரிக்கு மாணவர்கள் போனார்கள். வைத்தியத்துக்கு வயோதிகர்கள் போனார்கள்.

2008-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார மந்தம் வந்தது. வீட்டு விலை விழுந்தது. வரி வசூல் குறைந்தது. எந்தச் செலவை வெட்டலாம் என்று ஜில்லா கமிஷன் பார்த்தது. கத்தி பஸ் மேல் விழுந்தது.

"பஸ்ஸில் நஷ்டம். இனி நடத்த முடியாது" என்று 2009 அக்டோபரில் முடிவு செய்தார்கள். 2010 மார்ச் 31-ந் தேதியோடு பஸ் நின்றது.

அமெரிக்காவில் எல்லோரிடமும் கார் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கார் வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். பெட்ரோல் போட வேண்டும். ஏழைக்கு அது பெரும் செலவு.

ஊர் அமைப்பும் வேறு. வீடு ஓரிடம், கடை பல மைல் தள்ளி, வேலை இன்னும் தள்ளி. நடந்து போகலாம் என்றால், பல சாலைகளில் நடைபாதையே கிடையாது.

பஸ் நின்றதும் ஜனங்கள் சாலை ஓரத்துப் புல்லில் நடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் இடம் கேட்டார்கள். வாடகைக் காருக்குக் காசு கொடுத்தார்கள். சிலர் வேலையை இழந்தார்கள். சிலர் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஜில்லாவுக்குப் போனார்கள்.

அரை நூற்றாண்டுக் கதை

இந்தத் தொல்லைக்கு விதை போட்டது யார்? அதே கிளேட்டன் ஜில்லாதான்! 1971-ல் போட்ட ஓட்டுதான்!

அட்லாண்டா வட்டாரத்துக்கு பஸ்ஸும் ரெயிலும் நடத்த "மார்ட்டா" என்று ஓர் அமைப்பு உண்டு. 1965-ல் மாநில சட்டசபை அதற்குச் சட்டம் செய்தது. 5 ஜில்லாக்களைச் சேர்ப்பது என்பது திட்டம். காப் என்ற ஜில்லா அப்போதே "நாங்கள் வரமாட்டோம்" என்று ஓட்டுப் போட்டு விலகிவிட்டது. மற்ற நான்கும் சேரச் சம்மதித்தன. கிளேட்டனும் சம்மதித்தது.

அமைப்பு ரெடி. பணத்துக்கு என்ன வழி?

1968-ல் வீடு, நிலத்தின் மீது வரி போட்டுப் பணம் திரட்டலாம் என்று கேட்டார்கள். ஜனங்கள் "முடியாது" என்று ஓட்டுப் போட்டார்கள். நிலவரி மொத்தமாகக் கட்ட வேண்டிய வரி. பார்த்தவுடன் நெஞ்சு பதறும். கறுப்பின மக்களின் தலைவர்களும் "எங்களைக் கலந்து பேசவில்லை, எங்கள் பகுதிக்கு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை" என்று எதிர்த்தார்கள்.

1971-ல் வேறு வழி பிடித்தார்கள். அதுதான் விற்பனை வரி. 100 சென்ட்டுக்குச் சாமான் வாங்கினால் 1 சென்ட் வரி. சில்லறையோடு சில்லறையாகப் போய்விடும்.

கூடவே ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள். அப்போது பஸ் கட்டணம் 40 சென்ட். "வரிக்குச் சம்மதித்தால் 15 சென்ட் ஆக்குகிறோம், 7 ஆண்டுகள் ஏற்றமாட்டோம்" என்றார்கள்.

ஹெலிகாப்டரில் மேயர்

அப்போது அட்லாண்டா மேயராக இருந்தவர் சாம் மசெல். வரிக்கு ஆதரவு திரட்ட அவர் ஒரு வேலை செய்தார். மாலை நேரம். வேலை முடிந்து வீடு திரும்பும் கார்கள் பெருஞ்சாலையில் அடைத்துக்கொண்டு நின்றன. மேயர் ஹெலிகாப்டரில் ஏறினார். கார்களுக்கு மேலே பறந்தார். ஒலிபெருக்கியை எடுத்தார். "இந்த நெரிசலில் இருந்து தப்ப வேண்டுமானால், சரி என்று ஓட்டுப் போடுங்கள்" என்ற கருத்தில் மேலே இருந்து பேசினார்!

புல்டன், டிகால்ப் ஆகிய இரண்டு ஜில்லாக்கள் "சரி" என்றன. அதிலும் புல்டனில் மயிரிழையில் வெற்றி. கிளேட்டனும் குவின்னெட்டும் பெருவாரியாக "வேண்டாம்" என்றன.

காரணம் பணம் மட்டும் அல்ல. அன்று கிளேட்டனில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். பஸ்ஸும் ரெயிலும் வந்தால், நகரத்தில் உள்ள கறுப்பின மக்கள் தங்கள் பக்கம் வந்துவிடுவார்கள் என்று பலர் பயந்தார்கள். நிறத் துவேஷம் ஓட்டுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வரி கொடுத்த இரண்டு ஜில்லாக்களில் 1972 மார்ச் 1-ந் தேதி பஸ் கட்டணம் 15 சென்ட் ஆனது. சொன்னதைச் செய்தார்கள். 1979-ல் ரெயிலும் ஓடத் தொடங்கியது. 1988-ல் அந்த ரெயில் விமான நிலையம் வரை வந்தது. கிளேட்டன் ஜில்லாவின் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டது!

பேரன் காலம்

ஆண்டுகள் உருண்டன. கிளேட்டனில் இருந்த வெள்ளையர்களில் பலர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். கறுப்பின மக்கள் வந்து குடியேறினார்கள். 2010-ல் ஜில்லாவில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள்தான்.

தாத்தா காலத்தில் ஜில்லா போட்ட "வேண்டாம்" என்ற ஓட்டு, வேறு யாருடைய பேரனையோ சாலை ஓரத்தில் நடக்க வைத்தது.

பஸ் நின்ற அதே 2010-ம் ஆண்டு நவம்பரில், "மார்ட்டாவில் சேரலாமா?" என்று ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். 100-க்குச் சுமார் 70 பேர் "சேரலாம்" என்றார்கள். ஆனால் அது வெறும் அபிப்பிராய ஓட்டு. சட்ட பலம் கிடையாது. பஸ் வரவில்லை.

உள்ளூர் விற்பனை வரிக்கு மாநிலச் சட்டத்தில் ஓர் உச்சவரம்பு இருந்தது. கிளேட்டன் ஏற்கெனவே அதைத் தொட்டுவிட்டது. 2014-ல்தான் மாநில சட்டசபை கதவைத் திறந்தது. "ஜனங்கள் சம்மதித்தால் மார்ட்டாவுக்காக மேலும் 1 சதவீதம் வரை போடலாம்" என்று சட்டம் வந்தது.

"அரை சதவீதம் போதுமே" என்று ஜில்லா கமிஷனில் பேச்சு எழுந்தது. "அது போதாது" என்றது மார்ட்டா. கடைசியில், 2014 ஜூலையில், முழு 1 சதவீதத்தையும் ஜனங்கள் முன் வைக்கக் கமிஷன் ஒப்புக்கொண்டது. பஸ் வேண்டும் என்று கேட்டவர்கள் வீடு வீடாகப் போனார்கள். கோவில்களாக விளங்கும் சர்ச்சுகளில் பேசினார்கள்.

நவம்பரில் ஓட்டு. 1971-ல் தோற்ற அதே வரி, அதே ஜில்லாவில், அமோக வெற்றி பெற்றது! 2015 மார்ச் 1-ந் தேதி வரி வந்தது. அதுவரை 100 டாலர் சாமானுக்கு 7 டாலர் வரி. அன்று முதல் 8 டாலர். மார்ச் 21-ந் தேதி பஸ் வந்தது. வரி வந்து மூன்று வாரத்துக்குள் பஸ்!

157 வேலை, ஒரே தோல்வி

"அமெரிக்காவில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது" என்று எண்ணிவிடக் கூடாது.

கிளேட்டன் ஓட்டுக்கு இரண்டு ஆண்டு முன்னால், 2012 ஜூலை 31-ந் தேதி, அட்லாண்டா வட்டாரத்தின் 10 ஜில்லாக்களிலும் சேர்த்து ஓர் ஓட்டு நடந்தது. 10 ஆண்டுகளுக்கு 1 சதவீத விற்பனை வரி. சாலை, பாலம், பஸ், ரெயில் என்று 157 வேலைகள். கிடைக்கும் பணம் 720 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். பெரிய பெரிய வியாபாரிகள் ஆதரித்தார்கள். விளம்பரம் அமர்க்களப்பட்டது.

முடிவு? 100-க்கு 63 பேர் "வேண்டாம்" என்றார்கள்.

வரியே கூடாது என்பவர்கள் எதிர்த்தார்கள். "சாலைக்கு அதிகம், ரெயிலுக்குக் குறைவு" என்று மரம், காற்று பற்றிக் கவலைப்படுகிறவர்கள் எதிர்த்தார்கள். "எங்கள் பகுதிக்கு ரெயில் இல்லையே" என்று கறுப்பின மக்களின் சில தலைவர்கள் எதிர்த்தார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் கொடுக்கப் போய், யாருக்கும் திருப்தி இல்லாமல் போனது.

இன்னொரு காரணமும் உண்டு. அட்லாண்டாவின் 400-ம் எண் சாலையில் சுங்கம் வசூலித்து வந்தார்கள். "கடன் அடைந்ததும், 2011-ல் சுங்கத்தை எடுத்துவிடுவோம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் 2010-ல் அதை நீட்டித்துவிட்டார்கள். 2013-ல்தான் எடுத்தார்கள்.

"சுங்கத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்கள், வரியில் காப்பாற்றுவார்களா?" என்று ஜனங்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கிளேட்டனில் நிலைமை வேறு. 157 வேலை கிடையாது. ஒரே வேலை: நின்ற பஸ் திரும்ப வேண்டும். பஸ் இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்பதை ஒவ்வொரு குடும்பமும் அனுபவித்துத் தெரிந்துகொண்டிருந்தது.

பக்கத்து ஜில்லாக்கள் இன்னும் மசியவில்லை. குவின்னெட் ஜில்லா 1971-க்குப் பிறகு 1990, 2019, 2020, 2024 ஆகிய ஆண்டுகளிலும் "வேண்டாம்" என்றது. 2020-ல் சுமார் 1,000 ஓட்டு வித்தியாசத்தில்தான் தோல்வி. காப் ஜில்லாவும் 2024-ல் மறுத்துவிட்டது.

பாரம் யார் தலையில்?

விற்பனை வரியில் ஒரு குறை இருக்கிறது. அது ஏழை, பணக்காரர் என்று பார்ப்பது இல்லை. எல்லோருக்கும் 100-க்கு 1 என்பது சமம் போலத் தோன்றும். கணக்குப் போட்டால் உண்மை தெரியும்.

ஒரு குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 25 ஆயிரம் டாலர் என்று வைத்துக் கொள்வோம். அதில் 15 ஆயிரம் டாலருக்குக் கடையில் சாமான் வாங்குகிறார்கள். 1 சதவீத வரி 150 டாலர்.

இன்னொரு குடும்பத்துக்கு வருமானம் 2 லட்சம் டாலர். கடையில் 50 ஆயிரம் டாலர் செலவு செய்கிறார்கள். வரி 500 டாலர். மீதியைச் சேமிக்கிறார்கள், வீடு வாங்குகிறார்கள். அதற்கு இந்த வரி இல்லை.

ஏழை தன் வருமானத்தில் 100 டாலருக்கு 60 சென்ட் கொடுக்கிறார். பணக்காரர் 100 டாலருக்கு 25 சென்ட்தான் கொடுக்கிறார்.

ஜார்ஜியாவில் மாநில சர்க்கார் தன் பங்கு விற்பனை வரியை அரிசி, ரொட்டி, பால் போன்ற உணவுச் சாமான் மீது போடுவது இல்லை. ஆனால் உள்ளூர் வரி உணவு மீதும் உண்டு. சாப்பிடும் ரொட்டியிலும் பஸ்ஸுக்கு ஒரு துளி போகிறது.

அப்படி இருந்தும் ஏழைகளே ஆதரித்தது ஏன்?

150 டாலர் என்பது வாரத்துக்கு 3 டாலருக்கும் குறைவு. பஸ் இல்லாவிட்டால் ஒரு தடவை வாடகைக் கார் பிடித்தாலே அதற்கு மேல் போய்விடும். வேலை போய்விட்டால் எல்லாமே போய்விடும். இரண்டு பாரத்தில் சிறிய பாரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

இதை வைத்து, "ஏழைகள் இந்த வரியை விரும்புகிறார்கள்" என்று சொல்லுவது தவறு. அவர்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. மார்ட்டாவின் அன்றாடச் செலவுக்கு ஜார்ஜியா மாநில சர்க்கார் வழக்கமான மானியம் கொடுப்பது இல்லை. டிக்கெட் பணம் போக, முக்கியமான ஆதாரம் இந்த விற்பனை வரிதான்.

அதில் ஓர் ஆபத்தும் உண்டு. காலம் கெட்டால் ஜனங்கள் சாமான் வாங்குவதைக் குறைப்பார்கள். உடனே வரியும் குறையும். ஆனால் அப்போதுதான் காரை விற்றுவிட்டுப் பலர் பஸ்ஸுக்கு வருவார்கள். தேவை ஏறும் நேரத்தில் பணம் இறங்கும்! 2010 செப்டம்பரில் மார்ட்டாவே பல பஸ் வழித்தடங்களை நிறுத்தியது. வரி கொடுத்து வந்த ஜில்லாக்களிலும் ஜனங்கள் தெருவில் நின்றார்கள்.

ரெயில் எங்கே?

கிளேட்டன் ஓட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. வரிப் பணத்தில் பாதி பஸ்ஸுக்கு. மீதிப் பாதியைத் தனியாகச் சேர்த்து, பிற்காலத்தில் ரெயில் போன்ற பெரிய வசதி செய்ய வேண்டும்.

ரெயில் வரும் என்று ஜனங்கள் நம்பினார்கள். 2018-ல் மார்ட்டாவும் ரெயில்தான் என்று தீர்மானித்தது. ஏற்கெனவே சரக்கு ரெயில் போகும் தண்டவாளத்தை ஒட்டிப் பயணி ரெயில் விடுவது யோசனை. ஆனால் அந்தத் தண்டவாளம் தனியார் கம்பெனிக்குச் சொந்தம். பேச்சு நீண்டதே தவிர, உடன்பாடு வரவில்லை.

2023-ல் மார்ட்டா ரெயிலைக் கைவிட்டது. "அதற்குப் பதில், தனிப் பாதையில் போகும் விரைவு பஸ் விடுகிறோம்" என்றது.

வரி கொடுக்கத் தொடங்கிப் 10 ஆண்டுகள் 2025 மார்ச்சில் நிறைந்தன. அன்று கிளேட்டனில் ரெயிலும் ஓடவில்லை. விரைவு பஸ்ஸும் ஓடவில்லை. சாதாரண பஸ்தான் ஓடியது.

அட்லாண்டா நகரத்திலும் இதே மனக்குறை உண்டு. 2016-ல் அந்த நகர மக்கள் 40 ஆண்டுகளுக்கு மேலும் அரை சதவீத வரிக்குச் சம்மதித்தார்கள். 100-க்கு 71 பேர் ஆதரவு. 250 கோடி டாலர் வரும், பல புதிய பாதைகள் வரும் என்றார்கள். 2023-ல் கணக்கைத் திருப்பிப் பார்த்து, முதலில் செய்ய வேண்டிய 17 வேலைகளை 9 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

செலவு ஏறிவிட்டது என்பது உண்மை. திட்டம் போடும் நாளில் இருக்கும் விலை, வேலை தொடங்கும் நாளில் இருப்பது இல்லை. ஆனால், வரி கொடுக்கிறவருக்கு அந்தச் சலுகை உண்டா? "இந்த மாதம் விலைவாசி அதிகம், வரியில் பாதிதான் தருவேன்" என்று கடையில் சொல்ல முடியுமா?

ஓட்டுக்குப் பிறகு

வரி போடுவதற்கு முன் ஜனங்களைக் கேட்பது நல்ல ஏற்பாடு. எதற்காக வரி, எவ்வளவு, எத்தனை காலம் என்பது ஓட்டுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பிடிக்காவிட்டால் மறுக்கலாம்.

ஆனால், ஓட்டு ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. வரி நாள்தோறும் போகிறது. ரொட்டி வாங்கும்போது போகிறது. பிள்ளைக்குச் சட்டை வாங்கும்போது போகிறது. "சொன்ன வேலை நடக்கிறதா?" என்று கேட்கும் உரிமையும் நாள்தோறும் இருக்க வேண்டும்.

1972-ல் 15 சென்ட் கட்டணம் என்று சொன்னார்கள், செய்தார்கள். 2015-ல் பஸ் வரும் என்று சொன்னார்கள், வந்தது. அதனால்தான் ஜனங்கள் நம்பினார்கள். சுங்கம் போகும் என்று சொன்னார்கள், போகவில்லை. அதனால் 2012-ல் 157 வேலைகளும் மண்ணாயின.

கிளேட்டனில் இன்று காலையிலும் பஸ் வருகிறது. விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர் அதில் ஏறுகிறார். சாலை ஓரத்துப் புல்லில் நடந்த காலம் அவருக்கு மறக்கவில்லை. அவர் கொடுத்த வரியில் பாதி பஸ்ஸாக ஓடுகிறது. மீதிப் பாதிக்கு அவர் இன்னும் நிறுத்தத்தில் காத்துக்கொண்டிருக்கிறார்.